வம்சமா, மக்களா, மண்ணா: உக்ரைனியத் தேசத்தின் வரலாறு எழுதப்பட்ட விதங்கள்

கீவ் நகரின் புனித சோபியா பேராலயத்தில் வெள்ளைப் பளிங்கால் செய்த கனத்த கல்லறைப் பேழை ஒன்று உண்டு. கீவை ஆண்ட யாரொஸ்லாவ் 1054ஆம் ஆண்டு இறந்தபோது அவரது உடல் அதில்தான் வைக்கப்பட்டது. 2009இல் பேழையைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு பெண்ணின் எலும்புகளே இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யாரொஸ்லாவின் எலும்புகள் நாட்டைவிட்டே கொண்டுசெல்லப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்புகள் எங்கிருந்தாலும் அந்த மன்னருக்கு உரிமை கோரும் நாடுகள் இரண்டு. உக்ரைனின் 2 ஹிரிவ்னியா நாணயத்தில் அவருடைய முகம் இருக்கிறது. ரஷ்யாவின் 1000 ரூபிள் தாளில் அவருடைய சிலை இருக்கிறது. 988இல் கிறித்தவத்தை ஏற்றுத் தம் நாட்டையும் ஏற்கச் செய்த அவருடைய தந்தை வொலோதிமிருக்குக் கீவில் 1853இல் சிலை எழுந்தது. மாஸ்கோவில் கிரெம்ளின் அருகே அவரை விட்டுவிடக் கூடாது என்பதுபோல 2016இல் மற்றொன்று எழுந்தது.

இந்த வழக்கு பெரும்பாலும் உக்ரைனியத் தேசத்தின் வயது என்ன என்ற கேள்வியாகவே முன்வைக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்கிறது ஒரு தரப்பு. போல்ஷெவிக்குகள் உண்டாக்கியது, நூறாண்டுதான் என்கிறது மற்றொரு தரப்பு. ஆனால் இரு தரப்பும் படிப்பது பெரும்பாலும் அதே பழைய ஆண்டுக்குறிப்பு நூல்களையும் அதே உடன்படிக்கைகளையும்தான். ஆதாரங்களில் இருப்பதைவிட, எதனுடைய வரலாற்றை எழுதுவது என்ற முதல் முடிவிலேயே இந்தப் பிளவு தொடங்குகிறது என்பது என் கருத்து. அரச வம்சத்தைப் பின்தொடர்ந்து போகிறவர் மாஸ்கோவுக்குப் போய்ச் சேருகிறார். உழுது வாழ்ந்த மக்களைப் பின்தொடர்கிறவர் தினீப்பர் ஆற்றங்கரையிலேயே நின்றுவிடுகிறார். அரசு என்ற அமைப்பைத் தேடுகிறவருக்கு நடுவே பல நூற்றாண்டுகள் வெறுமையாகத் தெரிகின்றன. மண்ணின் வரலாற்றை எழுதுகிறவர் அந்த மண்ணில் வாழ்ந்த போலந்துக்காரரையும் யூதரையும் தாத்தாரையும் விட்டுவிட முடியாமல் போகிறது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கீவைத் தலைமையாகக் கொண்டிருந்த நாட்டின் பெயர் ரூஸ். ரஷ்யா என்பது அந்தப் பெயரின் கிரேக்க வடிவத்திலிருந்து பிறந்து, மாஸ்கோ அரசு பிற்காலத்தில் தனக்கு எடுத்துக்கொண்ட பெயர். 1721இல் முதலாம் பீட்டர் பேரரசை அறிவித்தபோது அது உறுதிப்பட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்க்கும் பழக்கம் தமிழிலும் இருக்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் போன்றவற்றிலிருந்து வந்த நூல்கள் வழியாகவே அந்த நிலப்பகுதியை அறிந்த தலைமுறைக்கு, "பண்டைய ரஷ்யா" என்று படித்தது கீவைப் பற்றியது என்பது கூட உறைத்திருக்க வாய்ப்பில்லை. உக்ரைனிய நிலத்தைக் குறித்த சிறு ரூஸ் (பின்னர் சிறு ரஷ்யா) என்ற பெயர் பைசாந்தியத் திருச்சபையின் நிர்வாக வழக்கிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் வந்தது. இழிவு அதில் பின்னர்தான் ஏறியது. உக்ரைன் என்ற சொல்லோ 1187ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே காணப்படுகிறது: பெரெயாஸ்லாவின் இளவரசர் ஒருவர் இறந்ததற்காக உக்ரைன் புலம்பி அழுதது என்று அந்த ஏடு சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு எல்லைப்புறம் என்று பொருளா, நாடு என்று பொருளா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு மக்கள்கூட்டத்தின் பெயராக நிலைபெற்றது மிகப் பிற்காலத்தில். மேற்கே கலீசியாவில் 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை மக்கள் தங்களை ருசின் என்றே சொல்லிக்கொண்டார்கள், அதாவது ரூஸ் நாட்டார் என்று.

வம்சக் கணக்கு மாஸ்கோவில் பிறந்தது. அதில் வலுவான அம்சங்கள் இல்லாமல் இல்லை. 1240இல் மங்கோலியர் கீவை அழித்த பிறகு, கீவின் தலைமைப் பேராயர் 1299இல் வடகிழக்கே விளாதிமிர் நகருக்கும், பின்னர் 1325இல் மாஸ்கோவுக்கும் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். மாஸ்கோவை 1598 வரை ஆண்டவர்கள் கீவை ஆண்ட அதே ரூரிக் குலத்தின் கிளையினர். ஆகவே கிரீடமும் திருச்சபையும் கீவிலிருந்து விளாதிமிருக்கும், அங்கிருந்து மாஸ்கோவுக்கும், கடைசியில் பீட்டர்ஸ்பர்க்குக்கும் கைமாறின என்று ஒரே நேர்கோடாக எழுத முடிந்தது. 1818இல் வெளிவரத் தொடங்கிய கரம்ஸினின் பெரும் வரலாற்று நூலுக்குத் தலைப்பே "ரஷ்ய அரசின் வரலாறு" என்பதுதான். அது அரசர்களின் வரிசையாகவே செல்கிறது. இந்தக் கணக்கில் தெற்கே எஞ்சிய மக்கள் 1240க்கும் 1654க்கும் நடுவே ஏறக்குறைய காணாமல் போகிறார்கள். அந்த இடைவெளியை எப்படி விளக்குவது என்று தெரியாததால்தான் 1856இல் மிகயீல் பகோதின் என்ற மாஸ்கோ வரலாற்றாசிரியர், பண்டைய கீவில் வாழ்ந்தவர்களே பெரு ரஷ்யர்தான், அதாவது இன்று ரஷ்யர் எனப்படுவோரின் முன்னோர்தான், மங்கோலியருக்கு அஞ்சி அவர்கள் வடக்கே போய்விட்டார்கள், இப்போது அங்கிருப்பவர் பின்னர் வந்து குடியேறியவர் என்று வாதிட்டார். கீவ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்த மக்ஸிமோவிச் அதைக் கடுமையாக மறுத்தார். அப்படி ஒரு பெரும் இடப்பெயர்வுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

உக்ரைனியப் பற்றாளர்கள் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்ற எண்ணத்துக்கு முதலில் கல்வி மெருகு ஏற்றியவர்களில் கீவின் துறவியர் முக்கியமானவர்கள். கீவின் குகை மடத்து அச்சகத்தில் 1674இல் அச்சான "சினோப்சிஸ்" என்ற சிறு வரலாற்று நூல், ஒரே ஸ்லாவ்-ரஷ்ய மக்கள், ஒரே மதம், ஒரே மன்னர் என்ற பார்வையை முன்வைத்தது. அது பேரரசு முழுவதும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. போலந்தின் கத்தோலிக்க ஆட்சிக்கு எதிராகத் தங்கள் மடத்துக்கும் நகருக்கும் ஒரு மரபுவழிக் கிறித்தவக் காவலரைத் தேடிய துறவியரின் தேவை அதற்குப் பின்னால் இருந்தது. முதலாம் பீட்டரின் பேரரசுக் கொள்கைக்குச் சொல்வடிவம் கொடுத்த பிராகோபோவிச்சும் கீவிலிருந்து போனவரே. பொல்தாவா வட்டாரத்தில் பிறந்து ரஷ்ய மொழியில் எழுதிய கோகோல், தன் ஆன்மா எந்த வகையைச் சேர்ந்தது என்று தனக்கே தெரியவில்லை என 1844இல் ஒரு கடிதத்தில் எழுதினார். சிறு ரஷ்யர் என்ற அடையாளத்தை மனமொப்பி ஏற்றவர்கள் இருந்தார்கள்; அவர்கள் எல்லாரையும் விலைபோனவர்கள் என்று தள்ளுவது நேர்மையாகாது.

இரண்டு பார்வைகளும் நேருக்கு நேர் மோதும் இடம் 1654ஆம் ஆண்டின் பெரெயாஸ்லாவ் என்ற ஊர். 1648இல் போலந்து அரசுக்கு எதிராகக் கிளர்ந்த, கோசாக்குகள் என்ற போர்வீரர் சமூகத்தின் ஹெத்மான், அதாவது தலைவர், பொஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி, ஆறு ஆண்டுப் போருக்குப் பின் ஜார் அலெக்ஸேயின் பாதுகாப்பை நாடினார். ஜனவரியில் ஜாரின் தூதர் வசீலி புத்தூர்லின் பெரெயாஸ்லாவுக்கு வந்தார். தேவாலயத்தில் கோசாக் தலைவர்கள் ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டிய நேரத்தில், ஜாரின் சார்பில் தூதரும் தங்கள் உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். போலந்து மன்னர்கள் குடிகளுக்குச் சத்தியம் செய்து தருவது வழக்கம். அந்த அரசியல் மரபில் வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான கோரிக்கை. புத்தூர்லினுக்கோ அது கேட்கவே கூடாத பேச்சு: ஜார் தம் குடிகளுக்குச் சத்தியம் செய்வதில்லை. ஹெத்மானும் தலைவர்களும் தேவாலயத்தை விட்டு வெளியேறி நெடுநேரம் கலந்து பேசிவிட்டுத் திரும்பி வந்து, ஒருதலையாகவே பிரமாணம் எடுத்தார்கள்.

அந்தத் தேவாலயத்தில் நடந்தது என்ன என்பதற்கு வரலாற்றாசிரியர்களும் சட்ட அறிஞர்களும் கொடுத்த பெயர்கள் பல. இரு நாடுகளுக்கு ஒரே மன்னர் என்ற ஏற்பாடு என்றார் சட்ட வரலாற்றாசிரியர் செர்கேயெவிச். தன்னாட்சியுடன் கூடிய இணைப்பு என்றார் நோல்டே. தற்காலப் படை உடன்பாடு என்றார் லிபின்ஸ்கி. அதே ஆண்டு மார்ச்சில் ஒப்புக்கொள்ளப்பட்ட விதிகள் 60,000 பதிவு பெற்ற கோசாக்குகளை அனுமதித்தன. போலந்து, துருக்கி தவிர்த்த பிற நாடுகளின் தூதரை ஹெத்மான் வரவேற்கவும் இடம் கொடுத்தன. அந்த விதிகளின் மூல ஆவணம் இன்று இல்லை. ஆனால் ஆவணம் இருந்திருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தரப்பு ஒப்பந்தம் என்று நினைத்ததை மறுதரப்பு அடிபணிதல் என்று நினைத்தது. இரண்டு அரசியல் மொழிகள் ஒரே சடங்கில் சந்தித்தன. 1656இல் வில்னாவில் மாஸ்கோவும் போலந்தும் பேசியபோது கோசாக் தூதர்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. ஹ்மெல்னித்ஸ்கிக்குப் பின் வந்த விகோவ்ஸ்கி 1658இல் திரும்பிப் போலந்துடன் உடன்பட்டு, ரூஸ் பெருநாடு என்ற மூன்றாவது உறுப்பைப் போலந்து-லித்துவேனியக் கூட்டரசில் உருவாக்க முயன்றார். 1667இல் அந்த்ருசோவோவில் மாஸ்கோவும் போலந்தும் கோசாக் நாட்டை தினீப்பர் ஆற்றின் இரு கரைகளாகப் பங்கு போட்டுக்கொண்டன. ஆயிரமாண்டு ஒற்றுமைக்கு ஏங்கிய மக்கள் ஒன்றுசேர்ந்த நாள் என்று 1654ஐச் சொல்கிறவர்கள் இந்த அடுத்த பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அதன் பின் ஹெத்மான் மாஸெப்பா ஸ்வீடன் பக்கம் சாய்ந்து 1709இல் பொல்தாவாவில் தோற்றதும், இரண்டாம் கத்தரீன் 1764இல் ஹெத்மான் பதவியை ஒழித்ததும், 1775இல் ஸபோரிஷ்ய கோசாக்குகளின் கோட்டையை அழித்ததும் பலரும் அறிந்தவை. கோசாக் தலைவர்களின் வழித்தோன்றல்கள் ரஷ்யப் பிரபுக்களாக மாறினார்கள். பேரரசின் பதவிகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. அரசு போய்விட்டது, மேல்வகுப்பும் கரைந்துகொண்டிருந்தது. எஞ்சியது உழவரின் மொழி. பண்ணையடிமையாகப் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ 1840இல் வெளியிட்ட "கொப்ஸார்" என்ற கவிதைத் தொகுப்பு அந்த மொழியை ஒரு தேசத்தின் குரலாக்கியது. கீவில் இயங்கிய சிரில்-மெத்தோதியர் சகோதரக் கழகம் என்ற இரகசிய அமைப்புடன் சேர்த்து அவரும் 1847இல் கைதானார். நாடு கடத்தப்பட்டபோது எழுதவும் வரையவும் கூடாது என்று மன்னர் முதலாம் நிக்கலாய் தம் கையாலேயே சேர்த்து எழுதினார்.

அதே கழகத்தில் இருந்த கொஸ்தமாரவ் என்ற வரலாற்றாசிரியர்தான் வம்சத்தை விட்டு மக்களைப் பிடித்தவர். "இரண்டு ரூஸ் மக்களினங்கள்" என்று 1861இல் அவர் எழுதிய கட்டுரை, கூட்டுச் சபையையும் தனிமனித உரிமையையும் மதித்த தெற்கையும், ஒரே அதிகாரத்தை வளர்த்த வடக்கையும் எதிரெதிரே நிறுத்தியது. இப்படி மக்களின் குணத்தை வைத்து வரலாறு எழுதுவதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் கேள்வியை இடம் மாற்றியது அந்தக் கட்டுரைதான். அரசாங்கத்தின் எதிர்வினையும் உடனே வந்தது. 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் அனுப்பிய சுற்றறிக்கை, தனியான சிறு ரஷ்ய மொழி என்று ஒன்று இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை மேற்கோள் காட்டி, அந்த மொழியில் மதநூல்களும் பாடநூல்களும் அச்சாவதை நிறுத்தியது. 1876இல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் அலெக்சாந்தர் கையெழுத்திட்ட ஆணை, நாடகம், இறக்குமதி நூல் வரை தடையை விரித்தது. இல்லாத மொழிக்கு எந்த அரசும் இரண்டு முறை தடை போடுவதில்லை. பின்னர் 1905இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகமே, ஷாக்மதவ் போன்ற ரஷ்ய மொழியியலாளர்களின் முயற்சியால், அது தனிமொழி என்று அறிக்கை தந்தது.

தடை எட்டாத இடம் ஒன்று இருந்தது. 1772இல் போலந்து முதல்முறை பங்கிடப்பட்டபோது ஆஸ்திரியாவின் கைக்குப் போன கலீசியாவில், லிவிவ் நகரில், கீவில் அச்சிட முடியாததை அச்சிட முடிந்தது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியராக 1894இல் வந்து சேர்ந்தவர் மிஹைலோ ஹ்ருஷெவ்ஸ்கி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. "உக்ரைன்-ரூஸ் வரலாறு" என்ற அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1898இல் வந்தது. தலைப்பில் அவர் போட்ட அந்தச் சிறு கோடே ஒரு வாதம்: பழைய ரூஸும் இன்றைய உக்ரைனும் ஒன்றின் தொடர்ச்சியே மற்றது என்கிறது அது.

1904இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அவர் தம் முறையை வெளிப்படையாகவே விளக்கினார். கீவ் அரசு ஒரு மக்களினத்தின் ஆக்கம், விளாதிமிர்-மாஸ்கோ அரசு வேறொன்றின் ஆக்கம். ரோமாபுரி அரசுக்கும் அதன் கீழிருந்த கால் (Gaul) என்ற நாட்டுக்கும் இருந்த உறவு போன்றதே இரண்டுக்கும் நடுவே இருந்த உறவு. கால் நாட்டின் வழியாகப் பிறந்த பிரான்ஸின் வரலாற்றை ரோமாபுரியின் வரலாற்றோடு ஒட்டி ஒரே நூலாக யாரும் எழுதுவதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். கீவின் தொடர்ச்சி மாஸ்கோவுக்குப் போகவில்லை. மேற்கே கலீசியா-வொலீனியா அரசுக்கும், பிறகு லித்துவேனிய, போலந்து ஆட்சிக் காலங்களுக்கும், அங்கிருந்து கோசாக்குகளுக்கும் போயிற்று என்றார். இதில் அரசன் மாறுகிறான், கொடி மாறுகிறது, மக்கள் மாறுவதில்லை. 1240க்கும் 1654க்கும் நடுவே இருந்த வெறுமை ஒரே வீச்சில் நிரம்பிவிடுகிறது. அந்தக் கட்டுரையின் துணிவு இன்று படிக்கும்போதும் வியப்பூட்டுகிறது.

குறை அதன் உள்ளேயே இருக்கிறது. அரசர்களின் தொடர்ச்சியை மறுத்தவர், மக்களின் தொடர்ச்சியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, உக்ரைனியரின் தொடக்கத்தை 6ஆம் நூற்றாண்டின் ஆந்தர் என்ற பழங்குடி வரை கொண்டுபோனார். யாரொஸ்லாவ் காலத்து மனிதனிடம் நீ உக்ரைனியனா, ரஷ்யனா என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. அதற்கு மறுபுறம், பண்டைய கீவில் ஒரே மொழி பேசிய ஒரே மக்கள் இருந்தார்கள், அவர்களே பின்னர் மூன்றாகப் பிரிந்தார்கள் என்ற எதிர்வாதமும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 1951 முதல் நாவ்கொரத் மண்ணிலிருந்து பிர்ச் மரப்பட்டையில் கீறிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன: கடன் கணக்கு, வீட்டுச் சண்டை, பிள்ளையின் எழுத்துப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. அவற்றை ஆராய்ந்த ரஷ்ய மொழியியலாளர் ஸலிஸ்னியாக், பழைய நாவ்கொரத் பேச்சு மற்ற ரூஸ் பகுதிகளின் பேச்சிலிருந்து அடிப்படையிலேயே விலகியிருந்ததைக் காட்டினார். தொடக்கத்தில் ஒற்றுமை, பிறகு பிரிவு என்ற எளிய மரவரைபடம் இரு தரப்புக்கும் உதவவில்லை.

ஹ்ருஷெவ்ஸ்கியின் "மக்கள்" என்ற சொல் உழவரையே குறித்தது. அவருக்குச் சமகாலத்தவரான வியாச்செஸ்லாவ் லிபின்ஸ்கி அதை ஏற்கவில்லை. போலந்து மொழி பேசிய பிரபு குடும்பத்தில், கத்தோலிக்கராகப் பிறந்தவர் அவர். ஆனால் பிறந்த மண் உக்ரைன் என்பதால் உக்ரைனியராக வாழ முடிவெடுத்தார். ஹ்ருஷெவ்ஸ்கியின் ஆசிரியர் அந்தொனோவிச்சும், பின்னாளில் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான ஷெப்தித்ஸ்கியும்கூடப் போலந்துப் பண்பாட்டில் ஊறிய பிரபு குடும்பங்களிலிருந்து வந்து அந்த அடையாளத்தைத் தேர்ந்தவர்களே. லிபின்ஸ்கிக்குத் தேசம் என்பது ஒரே நிலத்தில் வாழ்பவர்கள் ஒரு அரசைச் சேர்ந்து கட்டும்போது உண்டாவது. மொழியும் மதமும் அதற்கு முன்நிபந்தனை அல்ல. முடியாட்சியை விரும்பிய பழமைவாதி அவர். இருந்தும் இன்றைய உக்ரைனின் குடிமைத் தேசியத்துக்கு மற்ற எவரையும்விட நெருக்கமான சிந்தனை அவருடையதுதான்.

1917இல் ஜார் ஆட்சி விழுந்ததும் கீவில் கூடிய மத்திய ராதா என்ற உக்ரைனியப் பேரவைக்கு ஹ்ருஷெவ்ஸ்கியே தலைவரானார். அந்த ஆண்டு இறுதியில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் உக்ரைனிய மாகாணங்களில் உக்ரைனியக் கட்சிகள் பெரும்பான்மை பெற்றன. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாக்கு. 1918 ஜனவரி 22ஆம் தேதியிட்ட பிரகடனம் சுதந்திரத்தை அறிவித்தது. சில நாட்களில் போல்ஷெவிக் படை கீவின்மீது பீரங்கித் தாக்குதல் நடத்தியபோது ஹ்ருஷெவ்ஸ்கியின் வீடு எரிந்தது. நூலகமும் கையெழுத்துப் படிகளும் அரும்பொருட்களும் சாம்பலாயின. தம்முடைய மாஸ்கோ சார்பும் அந்த வீட்டோடு எரிந்துபோயிற்று என்று அவர் பின்னர் எழுதினார். அதுவரை அவர் கேட்டுவந்தது ரஷ்யாவுடன் சமமான கூட்டாட்சியைத்தான் என்பதை நினைவில் கொண்டால் அந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

உக்ரைனை முழுக்க முழுக்கப் போல்ஷெவிக் ரஷ்யாதான் படைத்தது, லெனினே அதன் சிற்பி என்று 2022 பிப்ரவரி 21ஆம் தேதி விளாதிமிர் புதின் பேசியதை இந்த நிகழ்வுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சோவியத் உக்ரைனின் எல்லைகளை மாஸ்கோவில் இருந்தவர்கள் வரைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு குடியரசை அவர்கள் ஏற்கவேண்டி வந்ததற்குக் காரணம், படையால் வென்றும் அடக்க முடியாத தேசிய இயக்கம் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்ததுதான். 2021 ஜூலையில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஆயிரமாண்டு ஒற்றுமையைப் பேசியது. என்றென்றும் ஒரே மக்கள் என்பதும், லெனின் செய்த செயற்கைப் படைப்பு என்பதும் சேர்ந்து நிற்க வேண்டுமானால், நடுவில் இருந்த 19ஆம் நூற்றாண்டை வெளியார் சதி என்று ஒதுக்கியாக வேண்டும்; கொப்ஸாரையும் லிவிவ் அச்சகங்களையும் கையிலெடுத்துப் பார்க்கிறவரால் அதைச் செய்ய இயலாது.

சோவியத் ஆட்சி இந்தத் தேசத்தை ஒரு கையால் வளர்த்து மறு கையால் முறித்தது. 1923இல் தொடங்கிய உக்ரைனியமயக் கொள்கை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அந்த மொழியைக் கொண்டுவந்தது; ஹ்ருஷெவ்ஸ்கியே 1924இல் வியன்னாவிலிருந்து திரும்பினார். அந்தக் கொள்கையை முன்னின்று நடத்திய ஸ்கிரிப்னிக் 1933 ஜூலையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். இடையே வந்தது 1932-33இன் பெரும்பஞ்சம்: உக்ரைனில் 35 லட்சம் முதல் 40 லட்சம் பேர் வரை மாண்டார்கள். இது எல்லா உழவர்மீதும் விழுந்த கொடுமையின் ஒரு பகுதி, கஸாக்கியர் விகிதக் கணக்கில் இன்னும் அதிகமாக மாண்டார்கள் என்று ஒரு சாரார் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் 1932 டிசம்பர் 14 ஆணை தானியக் கொள்முதலையும் உக்ரைனியமயத்தை ஒடுக்குவதையும் ஒரே தாளில் சேர்த்தது. 1933 ஜனவரி 22 உத்தரவு உக்ரைனிலிருந்தும் அதற்குக் கிழக்கே உள்ள குபான் பகுதியிலிருந்தும் உழவர்கள் வெளியேறுவதைத் தடுத்தது. உழவரைத் தேசத்தின் உடலாக ஹ்ருஷெவ்ஸ்கி எழுதியதை ஸ்டாலினும் தம் வழியில் ஏற்றிருந்தார் என்றே இந்த ஆவணங்களிலிருந்து நான் படிக்கிறேன். ஹ்ருஷெவ்ஸ்கி 1931இல் கைதாகி, கீவிலிருந்து அகற்றப்பட்டு, 1934இல் இறந்தார்.

வரலாற்று நூல்களும் அதற்கேற்பத் திருத்தப்பட்டன. 1920களில் பெரெயாஸ்லாவ் ஜாரிஸ்ட் காலனியாதிக்கத்தின் தொடக்கம் என்று எழுதப்பட்டது. 1937இல் அது "குறைந்த தீமை" ஆனது. 1954இல் கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்ட முந்நூறாவது ஆண்டுக் கருத்துரைகளில் "மறு ஒன்றிணைவு" ஆகிவிட்டது. கிரிமியா உக்ரைனுக்கு மாற்றப்பட்டது அதே விழா ஆண்டில். அது இணைப்பா, மறு ஒன்றிணைவா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1966இல் கீவின் வரலாற்றாசிரியர் பிராய்ச்செவ்ஸ்கி எழுதிய கட்டுரை கையெழுத்துப் படியாகவே சுற்றியது. அதற்காக அவர் வேலையை இழந்தார். ஒரு சொல்லுக்காக.

1991 டிசம்பர் 1 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் சுதந்திரத்தை ஆதரித்தார்கள். ரஷ்ய மொழி பேசுவோர் மிகுந்த தொனெத்ஸ்கிலும் லுஹான்ஸ்கிலும் 83 விழுக்காட்டுக்கு மேல், கிரிமியாவில் 54 விழுக்காடு. மக்கள் என்ற இனப் பொருளில் இந்த எண்களை விளக்க முடியாது. லிபின்ஸ்கியின் மண் என்ற பொருளிலேயே விளக்க முடியும். அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க் வான் ஹாகன் 1995இல் "உக்ரைனுக்கு வரலாறு உண்டா?" என்று தலைப்பிட்டு எழுதியபோது, கேட்டது அந்த நாட்டை மறுப்பதற்காக அல்ல, மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் ஏன் அதற்குத் தனி இடம் தரவில்லை என்றும், பல மக்கள் கலந்து வாழ்ந்த, எல்லைகள் அடிக்கடி மாறிய அந்த நிலமே அதன் சிறப்பான பாடம் அல்லவா என்றும்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த மகோச்சியின் உக்ரைன் வரலாறு அந்த நிலத்தின் எல்லா மக்களுக்கும் இடம் கொடுத்தது.

மண்ணின் வரலாறு என்று முடிவெடுத்துவிட்டால் அதற்கு விலை உண்டு. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் கீவின் பாபின் யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் சுட்டுக்கொன்ற 33,771 யூதர்கள் உக்ரைனின் வரலாற்றுக்குள் வர வேண்டும். 1976இல் அங்கே சோவியத் அரசு நிறுவிய நினைவுச்சின்னம் யூதர் என்ற சொல்லையே தவிர்த்தது. 1944 மே மாதத்தில் கிரிமியாவிலிருந்து மொத்தமாக நாடு கடத்தப்பட்ட தாத்தார்கள் வர வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது 1943 முதல் வொலீனியாவிலும் கிழக்குக் கலீசியாவிலும் உக்ரைனியக் கிளர்ச்சிப் படை போலந்துக் குடிமக்களைக் கொன்றது. போலந்து ஆய்வாளர்கள் ஒரு லட்சம் வரை கணக்கிடுகிறார்கள், பழிவாங்கலில் ஆயிரக்கணக்கான உக்ரைனியரும் மாண்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தது, தேசம் என்பது ஒரே இரத்தமும் ஒரே சித்தமும் என்று 1920களில் தொந்த்ஸோவ் போன்ற தீவிரத் தேசியவாத எழுத்தாளர்கள் வளர்த்த கொள்கை. மாஸ்கோவின் பிரசாரம் இதையே உக்ரைனியத் தேசியம் முழுவதற்கும் முகமாகக் காட்டுகிறது, அது பொய். ஆனால் அந்தப் பொய்யை மறுக்கும் அவசரத்தில், 2015இல் கீவ் நாடாளுமன்றம் அந்தப் படையினரைச் சுதந்திரப் போராளிகள் என்று சட்டத்தால் அங்கீகரித்து, அவர்களுடைய போராட்டத்தின் நியாயத்தை மறுப்பதையே சட்டவிரோதம் என்றது. அப்போதே எதிர்த்து எழுதியவர்களில் உக்ரைன்மீது பெரும் பற்றுக் கொண்ட வரலாற்றாசிரியர்கள் பலர் இருந்தார்கள். 2016இல் போலந்து நாடாளுமன்றம் அக்கொலைகளை இனப்படுகொலை என்றது; 2017இல் உக்ரைன் தன் மண்ணில் போலந்துப் புதைகுழிகளைத் தேடுவதற்குத் தடை போட்டது.

தெர்னோபில் வட்டாரத்தில் புழ்னிகி என்ற ஊர் இருந்தது. 1945 பிப்ரவரியில் ஓர் இரவில் அங்கிருந்த போலந்துக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. எஞ்சியவர்கள் போய்விட, ஊரும் மறைந்து காடு மூடியது. 2024 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ரஷ்யாவுடனான முழுப் போர் நான்காவது ஆண்டில் நடந்துகொண்டிருந்த 2025 ஏப்ரலில், உக்ரைனிய, போலந்து ஆய்வாளர்கள் அந்தக் காட்டில் சேர்ந்து தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்த எலும்புகள் செப்டம்பரில் அதே இடத்தில், இரு நாட்டுப் பிரதிநிதிகளும் நிற்க, அடக்கம் செய்யப்பட்டன.